போர்டின் மேல் ஒருவர் சாய்ந்தால்

2024 ஜூலை 5. டாக்காவில் வங்கதேசத் தேசிய செஸ் சாம்பியன்ஷிப்பின் 12-ஆவது சுற்று நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கிராண்ட்மாஸ்டர் சியாவுர் ரஹ்மான், எதிரே கிராண்ட்மாஸ்டர் எனாமுல் ஹுசைன் ராஜீப். ஆட்டத்தின் நடுவில் ரஹ்மான் கீழே குனிந்தார். தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிகிறார் என்றுதான் ராஜீபுக்குத் தோன்றியது. பிறகுதான் அவர் தரையில் விழுந்தார். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிழைக்கவில்லை. வயது 50. நம் பக்கத்து ஓபன் போட்டிகளில் ஆடியவர்களுக்கு அவர் தெரிந்த முகம். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடில் அவரும் மகன் தஹ்சினும் ஒரே நாட்டு அணியில் ஆடினார்கள்.

போர்டுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே முதலில் விஷயம் புரியவில்லை. அதில் ராஜீபின் தவறு எதுவும் இல்லை. கபடிக் களத்தில் ஒருவர் விழுந்தால் ஊரே பார்க்கும். செஸ் அரங்கில் குனிவதும் தலையைக் கையில் தாங்குவதும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பதும் ஆட்டத்தோடு சேர்ந்தவை. போதாததற்கு, நாமே மூன்று கட்டளை போட்டு வைத்திருக்கிறோம்: சத்தம் போடாதே, ஃபோனை அணைத்துவிடு, அடுத்தவர் போர்டில் தலையிடாதே. நல்ல போட்டிக்கு மூன்றும் வேண்டும். ஆனால் ஒருவருடைய இதயம் நிற்கும்போது இந்த மூன்றும் அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகின்றன. எந்த விதியை, யார், எந்த நொடியில் உடைக்க வேண்டும் என்று போட்டிக்கு முன்பே முடிவு செய்து வைக்கத்தான் இந்த அத்தியாயம்.

டாக்காவில் நடந்தது முதல் சம்பவம் அல்ல. 2000-ஆம் ஆண்டு பின்லாந்தின் யுவாஸ்குலாவில் லாத்வியாவின் கிராண்ட்மாஸ்டர் விளாதிமிர் பாகிரோவுக்கு ஆட்டத்தின்போதே மாரடைப்பு வந்தது, மறுநாள் இறந்தார். 2014 ஆகஸ்ட் 14, நார்வேயின் ட்ரோம்ஸோ ஒலிம்பியாடின் கடைசி நாள்: செஷல்ஸ் அணிக்காக ஆடிய 67 வயது குர்ட் மையர் போர்டிலேயே சரிந்தார். அரங்கிலேயே சிகிச்சை தொடங்கியும் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கே சில மணி நேரம் கழித்து, உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த அலிஷேர் அனார்குலோவ் தங்கியிருந்த ஓட்டல் அறையில் இறந்துகிடந்தார்.

ஏழாயிரம்பண்ணையில் இது எப்படி இருக்கும்

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். பட்டாசு ஆலைகளுக்கு வார விடுமுறை என்பதால் நம் பக்கத்துப் போட்டிகளுக்கு அந்த நாள்தான் தோது. கல்யாண மண்டபமோ பள்ளிக்கூடமோ பிடித்திருக்கிறீர்கள். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கமிருந்து பிள்ளைகள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். 7, 9, 11, 13 வயதுப் பிரிவுகள், கூடவே ஓர் ஓபன் பிரிவு. சின்னப் பிள்ளைகள்தானே ஆடுகிறார்கள், இவர்களுக்கு என்ன இதய நோய் என்று தோன்றும்.

பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவைப் பாருங்கள். வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாக்கள், அம்மாக்கள், தாத்தாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். விடியற்காலையில் கிளம்பியதால் பலர் சாப்பிடவில்லை. சர்க்கரை மாத்திரை போட்டவரும் இருப்பார், பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே மறந்தவரும் இருப்பார். பிள்ளை தோற்றுவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தால் இவர்களுக்குப் படபடப்பு. ஆர்பிட்டர்களிலும் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள். ஓபன் பிரிவில் அறுபது தாண்டியவர்கள் ஆடுவார்கள். டைம் ட்ரபிளில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும் என்பது ஆடியவர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே உங்கள் ஏற்பாடு 64 கட்டத்துக்குள் நின்றுவிடக் கூடாது. வராந்தா, கழிப்பறை, சாப்பாட்டுப் பந்தல், வண்டி நிறுத்துமிடம், இத்தனைக்கும் சேர்த்துத்தான் திட்டம். கழிப்பறையை நான் அழுத்திச் சொல்கிறேன். உடம்பு ஒரு மாதிரியாக இருக்கும்போது மனிதர்கள் முதலில் போவது அங்கேதான், உள்தாழ்ப்பாளும் போட்டுக்கொள்வார்கள். பெரியவர் ஒருவர் போய்ப் பத்து நிமிஷமாகத் திரும்பவில்லை என்றால் கதவைத் தட்டிப் பார்க்கத் தன்னார்வலர் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

அடுத்து தூரம். ஏழாயிரம்பண்ணைக்கு ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும் என்பதைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், நிமிஷத்தில் கேளுங்கள். போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு முறை போய்ப் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை நிமிஷம், சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு எத்தனை, கோவில்பட்டிக்கு எத்தனை என்று தாளில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே டாக்டர் இருப்பாரா, நர்ஸ் மட்டுமா என்றும் விசாரியுங்கள். எழுதி முடித்ததும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இதயம் திடீரெனத் துடிப்பை நிறுத்திவிட்டால், ஒன்றும் செய்யாமல் விடும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நம் கரிசல் சாலையில் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த முதல் நிமிஷங்களுக்குள் ஆம்புலன்ஸ் வராது. அவை அரங்கில் இருப்பவர்களின் பொறுப்பு.

விழாத நோயாளியும் விழுந்த நோயாளியும்

இரண்டு நிலைமைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. ஆள் விழித்திருப்பார், பேசுவார், நடக்கக்கூட நடப்பார். இதயத் துடிப்பே நின்றுபோவது வேறு, அதைத்தான் கார்டியாக் அரெஸ்ட் என்கிறார்கள். முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம், அதனால்தான் முதலாவதையே பிடித்துவிட வேண்டும்.

நம் ஊரில் முதலாவதற்கு ‘கேஸ்’ என்று பெயர். நெஞ்சில் பாரம் ஏற்றினாற்போல இருக்கும், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ வலி பரவும், சட்டை நனைய வியர்க்கும். பக்கத்தில் இருப்பவர் “கேஸ்தான் அண்ணாச்சி, ஒரு சோடா குடிங்க” என்பார். ஒரு கிளாஸ் ஓமத் தண்ணீரும் வந்து சேரும். இந்தச் சோடாவுக்குப் பலியான உயிர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மேல்வயிற்று எரிச்சல், மூச்சுத்திணறல், சொல்லத் தெரியாத அசதி என்று மட்டும்கூட வரலாம். இப்படி ஒருவர் சொன்னால் செய்ய வேண்டியது: நடக்க விடாமல் உட்கார வைப்பது, சட்டைப் பொத்தானைத் தளர்த்துவது, 108-ஐ அழைப்பது, தனியே விடாமல் ஒருவர் கூடவே இருப்பது. “இந்த ரவுண்ட் முடியட்டும் சார், ஜெயிக்கிற பொசிஷன்” என்று ஆட்டக்காரரே கெஞ்சுவார். கேட்காதீர்கள், கிளாக்கை நிறுத்துங்கள்.

நெஞ்சுவலிக்கென்று பைக்குள் சார்பிட்ரேட் மாத்திரை வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மில் பலர். டாக்டர் அவருக்கென்று எழுதிக்கொடுத்ததை அவர் போட்டுக்கொள்ளட்டும். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் நாக்கின் கீழ் வைப்பது ஆபத்து, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடலாம். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் என மூன்று மருந்துகள், மொத்தம் 14 மாத்திரைகள், முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். போட்டிக்கு முந்தின வாரம் போய் அந்த மாத்திரை இருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவது உங்கள் உரிமை. எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி விழுந்தவர். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லை. மார்பைப் பாருங்கள், பத்து நொடிக்கு மேல் பார்க்க வேண்டாம். சீரான மூச்சு இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு மார்பை அழுத்தத் தொடங்குங்கள். நாடி பிடித்துப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம், பழக்கமில்லாதவர் கைக்கு அது ஏமாற்றும்.

ஏமாற்றுபவை இன்னும் இரண்டு உண்டு. விழுந்தவர் விட்டுவிட்டுப் பெருமூச்சு போல இழுக்கலாம், குறட்டை மாதிரி சத்தம் வரலாம். “மூச்சு இருக்குய்யா, இழுக்குது பாரு” என்று கூட்டம் நிம்மதியடையும். அது மூச்சு அல்ல, நின்ற இதயத்தின் கடைசி எதிரொலி. உடனே அழுத்த வேண்டும். இன்னொன்று, துடிப்பு நின்ற சில நொடிகளில் கைகால் வெட்டி இழுக்கலாம். பார்த்தவுடன் “வலிப்பு, வலிப்பு” என்பார்கள், ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், இன்னொருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். இரும்பு எந்த வலிப்பையும் நிறுத்தியதில்லை. நிஜமான வலிப்பாக இருந்தாலும் வெட்டு அடங்கியதும் சீரான மூச்சு திரும்பும். திரும்பவில்லையென்றால் அது வலிப்பு அல்ல. தண்ணீர் தெளிப்பது, சோடா ஊற்றுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அன்பினால் செய்வதுதான், ஆனால் அவற்றில் நிமிஷங்கள் போய்விடும்.

பட்டாசுப் பகுதிக்காரர்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் காப்பாற்றப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் பலர் மாண்டார்கள். விபத்து என்றால் எட்டி நில் என்ற பாடம் அன்றிலிருந்து நம் எலும்பில் ஏறியிருக்கிறது. வெடிமருந்துக்கு அது சரி. நின்றுபோன இதயத்திடம் எட்டி நிற்க வேண்டியதில்லை, அது வெடிக்காது, பற்றாது. மின்கம்பி எதிலும் அவர் படவில்லை என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பக்கத்தில் போய் மண்டியிடுங்கள்.

கை வைக்கும் முறை

அவரை மல்லாக்கத் தரையில் கிடத்த வேண்டும். பெஞ்சில் வேண்டாம், மெத்தையில் வேண்டாம், அழுத்தம் வீணாகும். மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மறுகை. முழங்கை மடங்காமல், உடல் எடையையும் சேர்த்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்துங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலெழும்ப விடுங்கள். விலா எலும்பு முறிந்தாற்போல ‘க்ளிக்’ என்று கேட்டால் நிறுத்தாதீர்கள். எலும்பு ஒட்டிக்கொள்ளும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா என்ற தயக்கம்தான் நம்மவர்களைப் பின்வாங்க வைக்கிறது. பெரியவர்களுக்கு, பயிற்சி இல்லாதவர் அழுத்த மட்டும் செய்தால் போதும். இந்திய மயக்கவியல் நிபுணர்கள் பொதுமக்களுக்காக 2017-இல் வகுத்த முறையும் அழுத்துவதை மட்டுமே கேட்கிறது. பிள்ளைகளின் விஷயம் வேறு. அவர்களுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சு நின்றதன் தொடர்ச்சியாக வருவது. எனவே பயிற்சி பெற்றவர் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஆழம் மார்பின் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒருவரால் சரியான ஆழத்தில் அழுத்த முடியாது. அவருக்குக் களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். அதனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். இந்தக் கணக்கு வைக்க நம்மைவிடத் தோதானவர்கள் யாரும் இல்லை, ஒவ்வொரு மேசையிலும் கிளாக் இருக்கிறது. ஆர்பிட்டர் மேசையில் ஒரு டிஜிட்டல் கிளாக்கை இரண்டு பக்கமும் 2 நிமிஷம் வைத்து, இன்கிரிமென்ட் இல்லாமல், நிரந்தரமாகத் தனியே ஒதுக்கி வையுங்கள். ஒருவர் அழுத்தும்போது அந்தப் பக்கம் ஓடட்டும். நேரம் முடிந்ததும் மறுபக்கம், மறு ஆள். கிளாக்கைப் பார்ப்பவர் உரக்க எண்ணவும் செய்யலாம். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், ஒரு முறை பார்த்தால் மறக்கமாட்டார்கள்.

மின்னதிர்ச்சிப் பெட்டி

ஏ.இ.டி. என்கிற தானியங்கி டிஃபிப்ரிலேட்டர், தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு ஒரு மின்னதிர்ச்சி கொடுத்துச் சீரான துடிப்பை மீட்கப் பார்க்கும் கருவி. அதிர்ச்சி தேவையா என்று அதுவே ஆராய்ந்து சொல்லும், தேவையில்லாதவருக்குக் கொடுக்காது. டாக்டர் வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எனக்கு இங்கே முக்கியமாகத் தெரிகிறது. சூதாட்ட விடுதிகளின் காவலர்களுக்கு இந்தக் கருவியைப் பழக்கினார்கள். மேசையைச் சுற்றி மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஆட்டத்தில் மூழ்கிக்கிடக்கும் மனிதர்கள் நிறைந்த இடம் அது. கண்ணெதிரே விழுந்து 3 நிமிஷத்துக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். 3 நிமிஷம் தாண்டியபோது அது 49 சதவீதம். காப்பாற்றியவர்கள் வாசல் காவலர்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனை மீட்டதும் உடனடி அழுத்தமும் இதே கருவியும்தான். அவர் மறுபடி களத்துக்கே திரும்பினார்.

ஒரு கிராமத்து அகாடமி தனியாக வாங்கக்கூடிய விலையில் இது இல்லை. என் யோசனை: சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து அகாடமிகள் சேர்ந்து ஒன்று வாங்கி, அந்தந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி நடத்துபவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பிரிண்டிங் பிரஸ், தீப்பெட்டி, பட்டாசு முதலாளிகள் கோப்பைக்குக் கொடுக்கும் நன்கொடையில் ஒரு வருஷம் இதற்குக் கேளுங்கள். அதுவரை, 300 பேருக்கு மேல் கூடும் போட்டியென்றால் ஏ.இ.டி. உள்ள ஆம்புலன்ஸை வாடகைக்கு வாசலில் நிறுத்துங்கள். பரிசுத் தொகையில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் அழுத்தத் தெரிந்த நான்கு பேர் இல்லாமல் கருவியை மட்டும் வாங்காதீர்கள். அழுத்தாமல் கருவிக்காகக் காத்திருந்தால் அது வந்து சேரும்போது மீட்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நம் சீதோஷ்ணத்துக்கான குறிப்புகள்: கருவியை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், பேட்டரியும் ஒட்டும் பேடும் கெடும். பேடு ஒட்டுவதற்கு முன் மார்பின் வியர்வையைத் துண்டால் நன்றாகத் துடையுங்கள், பெட்டிக்குள்ளேயே ஒரு துண்டு இருக்கட்டும். முடி அதிகம் என்றால் மழிக்க ஒரு ரேஸர். பெண் என்றால் தயங்காதீர்கள், சுற்றி நான்கு பெண்கள் சேலையால் மறைப்பு பிடிக்கட்டும், ரவிக்கையை வெட்டக் கத்தரிக்கோல் பெட்டியில் இருக்கட்டும். கருவி எந்த மொழியில் பேசுகிறது என்று முதலிலேயே கேட்டுப் பாருங்கள். ஆங்கிலமோ இந்தியோ என்றால் அது சொல்லும் வாக்கியங்களைத் தமிழில் எழுதி மூடியில் ஒட்டுங்கள்.

ட்ரோம்ஸோவில் இன்னொன்றும் நடந்தது. மையருக்காகக் கொண்டுவந்த டிஃபிப்ரிலேட்டரைப் பார்வையாளர்களில் சிலர் ஆயுதம் என்று நினைத்து மிரண்டார்கள், கூட்டத்தில் பீதி பரவியது. நன்றாகப் படித்த, விவரம் தெரிந்த கூட்டத்திலேயே அப்படி. ‘பீப் பீப்’ என்று கத்தும் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு “எல்லாரும் விலகுங்க!” என்று ஒருவர் கூவினால் நம் பகுதியில் ஜனங்கள் வாசலை நோக்கி ஓடுவார்கள், அதில் பிள்ளைகள் மிதிபடுவார்கள். ஆகவே தொடக்க விழாவிலேயே பெட்டியைத் தூக்கிக் காட்டி, இது என்ன செய்யும் என்று சொல்லிவிடுங்கள்.

நான்கு பேர்

பட்டாசு ஆலையில் ஒரு ஷெட்டுக்கு நான்கு பேர் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரங்கத்துக்கும் அப்படி நான்கு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ‘யாராவது போன் பண்ணுங்க’ என்றால் யாரும் பண்ணமாட்டார்கள்.

முதலாமவர் விழுந்தவருக்குக் கை வைப்பவர், அவருக்கு மாற்று ஆளும் வேண்டும். உடல் பலத்தைவிடப் பயிற்சி முக்கியம். ஊரில் போர்மேன் வேலை பார்ப்பவர்களில் முதலுதவி பழகியவர்கள் கிடைப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கேட்டால் வந்து செய்து காட்டுவார்கள்.

இரண்டாமவர் ஃபோன். ஆட்டக்காரர்கள் எல்லோருடைய ஃபோனும் அணைந்து பையில் கிடக்கும் அரங்கில், சார்ஜ் நிறைந்த, சிக்னல் கிடைக்கும் ஒரு ஃபோன் ஆர்பிட்டர் மேசையில் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். மண்டபத்துக்குள் எந்த மூலையில் டவர் எடுக்கிறது என்று முந்தின நாளே பாருங்கள். 108 அழைப்பை எடுப்பவருக்கு நம் தெரு தெரியாது. அதனால் ஃபோனுக்குப் பக்கத்திலேயே ஓர் அட்டை. அதில் மாவட்டம், தாலுகா, ஊர், மண்டபத்தின் பெயர், எந்த ஊர் ரோட்டில், எந்தக் கோயிலுக்கு அல்லது பஸ் நிறுத்தத்துக்கு அடுத்து, எந்த கேட் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். பேசும் விதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கங்க. விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கம் ஏழாயிரம்பண்ணையில இருந்து பேசுறேன். அறுபது வயசு ஆள் ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார். கூப்பிட்டாப் பேச்சு இல்ல, மூச்சு இல்ல. நெஞ்சை அமுக்கிக்கிட்டு இருக்கோம். இடம் இன்ன மண்டபம், பஸ் நிறுத்தத்துக்கு அடுத்தது. ரோட்டு மேல சிவப்புக் கொடியோட ஆள் நிக்கிறார்.”

சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் வைக்கச் சொல்லும்வரை இணைப்பில் இருங்கள்.

அந்தச் சிவப்புக் கொடிக்காரர்தான் மூன்றாமவர். கேட்டைத் திறப்பது, குறுக்கே நிற்கும் பைக்குகளை அகற்றுவது, வண்டி வந்ததும் முன்னே ஓடி வழிகாட்டுவது அவர் வேலை. பெற்றோர் வண்டிகளை வாசலை அடைத்து நிறுத்த விடாதீர்கள், காலையிலேயே கயிறு கட்டிவிடுங்கள்.

நான்காமவர் தலைமை ஆர்பிட்டர், இவர் வேலை மற்றவர்கள் நினைப்பதைவிடக் கடினம். உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதிகள் கிளாக்கை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கின்றன. விழுந்தவரின் மேசை மட்டும் போதாது, அரங்கம் முழுக்க நிறுத்த வேண்டும். “எல்லாரும் கிளாக்கை நிறுத்துங்கள், காய்களைத் தொடாதீர்கள், பின்பக்கக் கதவு வழியாக வரிசையாக வெளியே போங்கள்” என்று ஒரே குரலில், பதறாமல் சொல்ல வேண்டும். துணை ஆர்பிட்டர்கள் சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும். ஃபோனில் வீடியோ எடுப்பவரை ஒருவர் தடுக்கட்டும். அந்தக் குடும்பத்துக்கு அது நாம் செய்யும் மரியாதை. மேசை வரிசைகளுக்கு நடுவே ஸ்ட்ரெச்சர் போகும் வழி விடுவது அரங்க அமைப்பிலேயே சேர வேண்டிய விஷயம். நூறு பேர் இடத்தில் நூற்று நாற்பது பேரைத் திணிக்கும்போது முதலில் பலியாவது அந்த வழிதான்.

முதல் சுற்றுக்கு முன்

பதிவுப் படிவத்தில் பிள்ளையோடு வரும் பெரியவரின் பெயரும், அவருக்கு ஏதாவது ஆனால் அழைக்க வேண்டிய இன்னொரு எண்ணும் கேளுங்கள். இதய நோய், சர்க்கரை, வலிப்பு இருக்கிறதா என்ற கேள்வியை விருப்பம் இருந்தால் நிரப்பும்படி வையுங்கள், அந்தத் தாளை ஆர்பிட்டர் தவிர யாரும் பார்க்கக் கூடாது. இரண்டு நாள் போட்டி என்றால் வெளியூர்க்காரர்கள் சிவகாசியிலோ கோவில்பட்டியிலோ லாட்ஜில் தங்குவார்கள். வயதானவர் தனி அறையில் இருந்தால் காலையில் அவரை ஒரு முறை அழைத்துப் பேச ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அனார்குலோவ் இறந்துகிடந்தது ஓட்டல் அறையில் என்பதை மறக்க வேண்டாம். வராந்தாவுக்குப் பந்தல், குடிதண்ணீர், மின்விசிறி. காலை இட்லியைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்காமல் பெரியவர்களுக்கும் கொடுங்கள்.

ஒத்திகைக்குப் பத்து நிமிஷம் போதும். ஒரு தன்னார்வலர் நடு வரிசையில் போர்டின் மேல் சாயட்டும், நான்கு பேரும் தங்கள் வேலையைச் செய்யட்டும். தலையணையை வைத்து அழுத்திக் காட்டுங்கள். சாய்ந்ததிலிருந்து முதல் அழுத்தம் வரை எத்தனை நொடி என்று கிளாக்கில் பாருங்கள். ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் இன்னொரு முறை செய்யுங்கள்.

விதிகளைப் படிக்கும்போது கூடவே இதையும் மைக்கில் சொல்லுங்கள்: “தம்பிகளா, பாப்பாக்களா, எதிரே ஆடுகிறவரோ பக்கத்தில் இருக்கிறவரோ சாய்ந்தாலும், கூப்பிட்டுப் பேசாமல் இருந்தாலும், அவர் யோசிக்கிறார் என்று நினைத்துச் சும்மா இருக்க வேண்டாம். உடனே கிளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கி ‘சார்!’ என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். தப்பாக இருந்தாலும் உங்களுக்குத் தண்டனை கிடையாது, நேரத்தையும் குறைக்கமாட்டோம்.” ஆர்பிட்டரின் உதவி கேட்டு ஆட்டக்காரர் கிளாக்கை நிறுத்துவதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. சத்தம் போட்டால் தண்டனை என்று பயந்த பிள்ளை வாயைத் திறக்காது, அந்தப் பயத்தை நாம்தான் முதலில் எடுக்க வேண்டும். ஆர்பிட்டர்களும் சுற்றி வரும்போது போர்டை மட்டும் பார்க்காமல் முகத்தையும் பார்க்கட்டும். வியர்வை, வெளிறல், நெஞ்சைத் தடவும் கை ஆகியவற்றைக் கண்டால் அருகே போய்த் தணிந்த குரலில் விசாரிக்கட்டும்.

வண்டி போன பிறகு

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கையில் எடுத்துக்கொள்ளும்வரை அழுத்துவதை நிறுத்தக் கூடாது. அவர்களிடம் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: எப்போது விழுந்தார், எப்போது அழுத்தத் தொடங்கினோம், அதிர்ச்சி கொடுத்திருந்தால் எத்தனை முறை. கூடப் போக ஒரு பெரியவர், கையில் கொஞ்சம் பணம், நோயாளியின் மாத்திரைப் பை. விழுந்தவர் ஒரு பிள்ளையின் அப்பா அல்லது தாத்தா என்றால் அந்தப் பிள்ளை அரங்கில் தனியாக நிற்கும். அதற்கென்று தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்வது ஏற்பாட்டாளரின் வேலை, அதை வாட்ஸ்அப் குழுவுக்கு விடாதீர்கள்.

போர்டுகளில் நின்ற நிலையையும் மீதி நேரத்தையும் ஸ்கோர்ஷீட்டிலேயே குறித்து வையுங்கள். மறுபடி தொடங்குவதா, தள்ளி வைப்பதா என்பதைத் தலைமை ஆர்பிட்டரும் ஏற்பாட்டாளரும் கலந்து பேசட்டும். என்னைக் கேட்டால், அரங்கிலேயே ஓர் உயிர் போயிருந்தால் அன்றைக்குப் பிள்ளைகளை மறுபடி போர்டு முன்னால் உட்கார வைக்கக் கூடாது. விழுந்தவரின் ஆட்டத்துக்கு முடிவு என்ன என்ற பேச்சை அன்று எடுக்கவே வேண்டாம். எதிரே ஆடியவர் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தால், தான் செய்த ஏதோ ஒரு மூவ்தான் காரணம் என்று அந்த மனசு நினைக்கும். அப்படி இல்லை என்று அன்றைக்கே, அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில், நேராகச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். அடுத்த வாரம் ஒரு முறை அழைத்து, பிள்ளை தூங்குகிறதா, சாப்பிடுகிறதா என்று கேளுங்கள். கருவியின் பேடு பயன்பட்டிருந்தால் புதியது வாங்கி மாட்டும்வரை அடுத்த போட்டிக்கு அதைக் கடன் கொடுக்காதீர்கள்.